டிக்கியில் இரண்டு ஓட்டை

சுத்தியல் கட்டிய வண்டியைப் பார்க்க வருகிறவர்கள் முன்பக்கத்தை ஒப்புக்கு ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராகப் பின்னால் போய்விடுவார்கள். ஊரெல்லாம் பேசியது அந்தப் பின்பக்கத்தைப் பற்றித்தான். பழைய காலத்துப் பெரிய கார். கூரை தாழ்ந்து, வளைந்து, டிக்கி மூடியாகி, ஒரே வீச்சில் தரையைப் பார்க்க இறங்கும். அதில் கைப்பிடி கிடையாது. பூட்டு கிடையாது. கம்பெனி ஒட்டிய எழுத்துகளைப் பிடுங்கி ஓட்டைகளை அடைத்தாயிற்று. பம்பரைக் கழற்றிப் பரணில் போட்டாயிற்று. நம்பர் பிளேட் உட்காருவதற்காக மூடியின் நடுவில் இருந்த பள்ளத்தைக்கூட மனுஷன் விட்டுவைக்கவில்லை. அது இருந்த இடம் எது என்று இப்போது அவரைக் கட்டிக்கொண்டவளுக்கே தெரியாது. அந்தக் கரும்பச்சைப் பெயிண்டில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம்.

சுத்தியல் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. எப்பேர்ப்பட்ட நசுங்கலையும் சுத்தியலாலேயே தட்டித் தட்டி நேராக்கிவிடுவார், பள்ளம் நிரப்பும் பட்டியைக் கையால் தொடமாட்டார் என்பதால் வந்த பெயர். மற்ற ஷெட்டுகளில் பள்ளத்தை முக்கால்வாசி தட்டிவிட்டு, மிச்சத்தில் பட்டியைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்துப் பெயிண்ட் அடித்து அனுப்பிவிடுவார்கள். அது அவருக்கு மகா பாவம். "பட்டி பூசுறவன் டிங்கர் இல்லடா, கொத்தனார்" என்று தொழில்காரர்கள் முகத்துக்கு நேராகவே சொல்வார். அந்த வாயால் சம்பாதித்த விரோதிகளும் கொஞ்சநஞ்சமல்ல.

அவர் மனைவியை எல்லோரும் டிரைவரம்மா என்பார்கள். பள்ளிக்கூட வேன், கம்பெனி வேன், ஆஸ்பத்திரி வண்டி, நடுவில் கொஞ்ச காலம் பிணவண்டி. "ஏறுனவங்கள்லயே அவங்கதான் ஒரு குறையும் சொல்லாம வந்தாங்க" என்று சிரிப்பாள். எந்த வண்டியானாலும் கதவில் வேறு யாருடைய பெயராவது எழுதியிருக்கும். அதனால்தான் இந்தப் பழைய வண்டி துருப்பிடித்த கூடாக ஷெட்டுக்குள் வந்து சேர்ந்த அன்றே சுத்தியல், "இது உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். பதிவும் அவள் பெயரில்தான். அவளை வண்டிக்குள் உட்காரவைத்து, கால் எட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து சீட்டை ஏற்றி இறக்கினார்.

வண்டி முடிகிற சமயத்தில் அவள் கண் மங்கத் தொடங்கியது. வலது கண்ணின் ஓரத்திலிருந்து இருட்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்துகொண்டிருந்தது. டாக்டர் சுற்றிவளைக்கவில்லை. பகலில், பழகிய ரோட்டில் இப்போதைக்கு ஓட்டலாம், ஆனால் அடுத்த தடவை லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனால் கண் சோதனையில் தேறமாட்டீர்கள் என்று சொல்லிவிட்டார். அப்போது அவள் ஓட்டிக்கொண்டிருந்தது விடிவதற்கு முன்பே கிளம்புகிற பள்ளிக்கூட வேன். பிள்ளைகள் விஷயத்தில் விளையாடக் கூடாதென்று அவளே போய்ச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். இனி அவளுக்கு மிச்சம் இருந்தது ஒரே ஆசை. கண் இருக்கும்போதே சொந்த வண்டியை, சொந்த நம்பரோடு, ரோட்டில் ஓட்டிவிட வேண்டும்.

நம்பர் பிளேட் வந்த அன்று அதை மார்போடு அணைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் நுழைந்தாள். வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஷெட். சமையல்கட்டில் வெங்காயம் வதங்கினால் ஷெட்டில் மணக்கும், ஷெட்டில் தின்னர் டப்பாவைத் திறந்தால் சோற்றில் மணக்கும். சுத்தியல் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே பளபளத்த கதவைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிளேட் வந்துருச்சுங்க."

"அங்க வை."

"அங்கன்னா? மாட்டுற இடத்துலயா?"

"பரண்ல வை. அப்புறம் பார்த்துக்கலாம்."

"பரண்ல வெச்சா பல்லிதான் படிக்கும். வியாழக்கிழமை வண்டியைச் சோதனைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்காங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல. பிளேட் இல்லாம போய் நின்னா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க."

"பின் கண்ணாடிக்கு உள்பக்கமா வெச்சுடு."

"கேட்டுட்டேன். ஆகாதாம்."

"கீழ சைலன்சர் பக்கத்துல தொங்கவிடு."

"அதையும் கேட்டுட்டேன். நிமிர்ந்து நிக்கணும், மேல லைட்டு எரியணும், போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கணும். ஆட்டிப் பார்த்தா ஆடக் கூடாதாம்."

"அப்ப பின்சக்கரத்துக்குப் பக்கமா ஓரத்துல..."

"ஏங்க, பின்னாடி வர்றவனுக்குத் தெரியணும்னுதானே நம்பரு? சக்கரத்துகிட்ட வெச்சா நாய்தான் பார்க்கும், அதுவும் காலைத் தூக்கிக்கிட்டு."

அவர் சிரிக்கவில்லை. வழக்கமாக இந்த மாதிரிப் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"இவளே, நல்லாக் கேட்டுக்க. அந்த டிக்கில டிரில்ல வெச்சேன்னா என் நெஞ்சுல வெச்ச மாதிரி. எனக்கு அவ்வளவுதான் சொல்லத் தெரியும்."

சாயங்காலம் கொழுந்தன் வந்தான். பழைய வண்டிகளை வாங்கி விற்றுக் கொடுக்கிற தரகன். ஒரு காலத்தில் அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன், இப்போது சட்டையில் ஒரு சுருக்கம் விழுந்தாலும் முகம் சுருங்கும். அவள் கொடுத்த டீயை ஊதி ஊதிக் குடித்தபடி விஷயத்துக்கு வந்தான். ஒரு பெரிய மனுஷர் கட்டிடத்தின் கீழ்த்தளம் முழுக்கக் கண்ணாடி போட்டு ஹால் மாதிரி வைத்திருக்கிறாராம். பழைய வண்டிகளாக வாங்கி உள்ளே நிறுத்துகிறாராம். இந்த வண்டியைப் பற்றிக் கேள்விப்பட்டு நாளைக்கே பார்க்க வருகிறாராம்.

"அங்க நிக்கிற வண்டிக்கு நம்பரும் வேணாம், லைட்டும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம் அண்ணி. அண்ணன் வேலையை அப்படியே கண்ணாடிக்குள்ள வெச்சுக் காப்பாத்துவாங்க."

"வண்டி ஓடுமா அங்க?"

"ஓடாது. அப்படியே சுத்தும். அடியில மோட்டார் வெச்ச மேடை இருக்கு."

"ராட்டினத்துல ஏத்தப் போறீங்கன்னு சொல்லுங்க."

"அண்ணி, கோச்சுக்கக் கூடாது. உள்ளதைச் சொல்றேன். உங்க கண்ணை வெச்சுக்கிட்டு இன்னும் எவ்வளவு நாள் ஓட்டுவீங்க? அதுக்காக அப்பேர்ப்பட்ட டிக்கியைப் போய் ஓட்டை போடுறது நியாயமா? நீங்களே சொல்லுங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அந்த மனுஷன், அவளை யாராவது ஒரு சொல் சொன்னால் முதல் ஆளாகச் சண்டைக்குப் போகிறவர், டீ டம்ளருக்குள் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்தே உட்கார்ந்திருந்தார். "அவன் சொல்றதும்..." என்று இழுத்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

கண் போய்க்கொண்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னபோதுகூட அவளுக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. நான் முடிந்துபோனவள் என்று இவரும் கணக்கை முடித்துவிட்டார் என்றுதான் நினைத்தாள். டம்ளர்களை எடுத்துப்போய் ஓசையெழக் கழுவினாள். அவற்றில் ஒன்று நெளிந்தும் போனது.

மறுநாள் காலையிலிருந்தே தூறல். ஷெட்டின் தகரக் கூரையில் சளசளவென்று பெய்துகொண்டிருந்தது. சுத்தியல் குடையை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போயிருந்தார். அவளுக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆனால் கோபத்தோடேயே ஒரு யோசனையும் வந்திருந்தது. ஓட்டை போட்டால்தானே நெஞ்சு வலிக்கும்? ஓட்டை போடாமலேயே பிளேட்டை டிக்கியில் நிறுத்திக் காட்டினால், அட, அழகாகத்தானே இருக்கிறது என்று அவரே சொல்லிவிடக் கூடும். ஷெட்டில் வேலை மேஜையின் இழுப்பறையில் பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய வட்டக் காந்தங்கள் கிடந்தன. பெயிண்ட் அடிக்கும்போது காகிதம் பறக்காமல் இருக்க அவர் வைத்துக்கொள்வது. பிளேட் அலுமினியம். அதன் மேல் காந்தத்தை வைத்தால் அடியில் இருக்கிற இரும்பு இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

டிக்கி மூடியின் நடுவில் பிளேட்டை வைத்து, மேலே காந்தங்களை வைத்துக் கையை எடுத்தாள். எல்லாம் சேர்ந்து அவள் கால் மேல் விழுந்தது.

"சனியனே" என்று காலைத் தேய்த்துக்கொண்டு மறுபடி வைத்தாள். மறுபடி விழுந்தது. ஈரம் இருக்குமோ என்று முந்தானையால் துடைத்துவிட்டு, பிளேட் இல்லாமல் வெறும் காந்தத்தை வைத்தாள். காந்தம் சோம்பேறித்தனமாகச் சரிந்து கீழே வந்தது. கதவில் வைத்தாள், டப்பென்று ஒட்டியது. கூரையில் ஒட்டியது. மட்கார்டில் பிடுங்கவே முடியாதபடி ஒட்டியது. டிக்கி மூடியின் ஓரத்திலும் ஒட்டியது. நடுவில், எல்லோரும் வந்து வாயைப் பிளந்து பார்த்த அந்த நடுவில் மட்டும் ஒட்டவில்லை.

டிங்கரைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷம் குடித்தனம் செய்தவளுக்கு அதற்கு அர்த்தம் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயிண்டுக்கு அடியில் இரும்பு எங்கோ ஆழத்தில் இருக்கிறது. நடுவில் இருப்பது பட்டி. அதுவும் பூச்சு அல்ல, அப்பி வைத்திருக்கிறார்.

அப்படியே வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. பட்டன் வைத்த சட்டையை அவர் விட்டு நாளாயிற்று, எந்நேரமும் பனியன்தான். டம்ளரில் பாதிக்கு மேல் டீ ஊற்றாதே என்கிறார். இந்த மூடியைச் செய்த நாட்களில் தூசி வருகிறது என்று ஷெட்டை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டார். அதற்கு முன்னால் அந்தக் கதவுக்குத் தாழ் இருப்பதே யாருக்கும் தெரியாது. அவள் தன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் கையைப் பார்க்காமல் விட்டிருக்கிறாள்.

சுத்தியல் குடையை உதறிக்கொண்டு உள்ளே வந்தார். அவள் கையில் காந்தத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னது அது?"

"காந்தம். உங்க டிக்கிக்கும் இதுக்கும் பேச்சுவார்த்தை இல்ல போலிருக்கு."

"காந்தம் பழசாயிருக்கும்."

"கதவுல ஒட்டுது. மட்கார்டுலகூட ஒட்டுது. உங்க டிக்கில மட்டும் பழசாயிடுதா?"

குடையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் தேங்கியது. குடையை மடக்கிக்கொண்டே சொன்னார். "கை நிக்க மாட்டேங்குதுடி. ஒரு இடத்தைக் குறிவெச்சுத் தட்டுனா பக்கத்துல விழுது. அதைச் சரி பண்ணப் போனா இன்னொரு பள்ளம். தட்டத் தட்ட அம்மைத் தழும்பு மாதிரி ஆயிடுச்சு. கடைசில..."

"கடைசில கொத்தனார் வேலை பார்த்துட்டீங்க."

"சொல்லு. நல்லாச் சொல்லு. ஊர்ல ஒருத்தன் பாக்கியில்லாம சொல்லுவான். நான் பேசுன பேச்சுக்கு என்னை உப்புக்கண்டம் போட்டுருவானுங்க. டிரில் உள்ள போனா இரும்புச் சுருள் வராது, மாவு மாதிரி பொடி வரும். அதைப் பார்த்தா போதுமே."

"அதனாலதான் நேத்து வாயைத் திறக்கலையா? அவன் என்னைப் பொட்டைக்கண்ணிங்கற மாதிரி பேசினான். நீங்க டம்ளரைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க."

"உன் கண்ணை நான் ஒண்ணும் சொல்லலையே..."

"சொல்லலை. என் கண்ணுக்குப் பின்னாடி உங்க கையை ஒளிச்சு வெச்சீங்க. இவளுக்குக் கண்ணு போகுது, அதனால வண்டி வேணாம்னு ஆகிப்போச்சுன்னா உங்களுக்கு நிம்மதி." காந்தத்தை மேஜையில் வைத்தாள். "கையி ஆடுதுன்னு என்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு? நான் என்ன ஊராரா?"

"அவங்க வாங்கிட்டுப் போயிடட்டும். கண்ணாடிக்குள்ள யாரும் தொடமாட்டாங்க. என் பேரு நிக்கும்."

"பட்டியை இரும்புன்னு சொல்லி விக்கப் போறீங்க. அப்படி நிக்கிற பேரு எதுக்குங்க? எனக்கு வேணாம். உங்களுக்கும் வேணாம்."

அவர் தரையில் தேங்கிய தண்ணீரைக் காலால் தேய்த்தார்.

தூறல் விட்டதும் கொழுந்தன் ஹால்காரரை அழைத்துக்கொண்டு வந்தான். நல்ல மனுஷராகத்தான் தெரிந்தார். செருப்பை வெளியே விடட்டுமா என்று கேட்டார். வண்டியின் பின்னால் போய் நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "முழுக்கத் தகடுதானே?" என்றார்.

"அண்ணன் பட்டி டப்பாவை முகர்ந்துகூடப் பார்க்க மாட்டாருங்க" என்றான் கொழுந்தன்.

அப்போதுதான் டிரைவரம்மா சமையல்கட்டிலிருந்து டிரில்லிங் மெஷினோடு வந்தாள். பின்னால் ஒயர் பாம்பாக இழுபட்டு வந்தது. இடது கையில் பிளேட்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"என் வண்டிக்கு நம்பர் மாட்டுறேன்."

"வாங்க வந்தவரு நிக்கிறாரு!"

"நிக்கட்டும். விக்கிறதா நான் யார்கிட்டயும் சொல்லலையே. வண்டி என் பேர்ல இருக்கு தம்பி. மறந்துட்டீங்களா?" ஹால்காரரிடம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க. உங்களை அலைய வெச்சது இவங்க" என்றாள்.

பிளேட்டை வைத்துப் பென்சிலால் இரண்டு புள்ளி குறித்தாள். பார்வை இருக்கும் கண்ணால் நன்றாக உற்றுப் பார்த்தாள். கணவன் ஒரு அடி முன்னால் எடுத்து வைத்தார். நிறுத்துவார் என்றுதான் கொழுந்தன் நினைத்தான், அவளும் நினைத்தாள். அவர் வந்த இடத்திலேயே நின்றார்.

மெஷின் உறுமியது. பச்சைப் பெயிண்ட் செதில் தெறித்தது. அதன் பிறகு வெளிர் ரோஜா நிறத்தில் பொடி கொட்ட ஆரம்பித்தது. கொட்டிக்கொண்டே இருந்தது. அவள் புடவையில், காலில், ஈரத் தரையில் எல்லாம் பொடி. ரொம்ப நேரம் கழித்துத்தான் டிரில் கீச்சிட்டு இரும்பைத் தொட்டது. துளையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, கோணல்மாணலாக ஓடி, மூடியின் பாதிவரை போய் நின்றது.

கொழுந்தன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அண்ணே, இது என்னண்ணே? பட்டியா?"

பிடிவாதமாகச் செய்தாயிற்று, இப்போது இந்த மனுஷன் என்ன ஆவாரோ என்று டிரைவரம்மாவுக்குப் பயமாக இருந்தது.

"ஆமாடா, பட்டிதான்" என்றார் சுத்தியல். தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னும் சத்தமாகச் சொன்னார். "என் கை ஆடுது. பாரு." வலது கையை எல்லோர் முகத்துக்கும் நேராக நீட்டினார். விரல்கள் தந்தி அடித்தன. "தட்ட முடியல, அப்பிட்டேன். போய் எவன்கிட்ட வேணும்னாலும் சொல்லு. நானே சொல்லுவேன், உனக்கு முன்னாடி." பிறகு மனைவியிடம் திரும்பினார். "நீ ஏன்டி மெஷினைச் சாய்ச்சுப் பிடிக்கிற? இந்த லட்சணத்துல மாட்டுனா போல்ட்டு ரெண்டு நாள்ல கழண்டுடும். பட்டி மேல எதுவும் நிக்காது. சுத்தியும் உடைச்சு எடுக்கணும். உளியை எடு."

"உங்க கை..."

"உடைக்கிறதுக்குக் கை எதுக்கு நிக்கணும்?"

உளியும் சுத்தியலுமாக அவர் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தார். அடி எங்கே விழுந்தாலும் சரியாகவே விழுந்தது. பட்டி பாளம் பாளமாகக் கழன்றது. அடியிலிருந்து தகடு வெளியே வந்தது. மேடும் பள்ளமுமாக, ஒவ்வொரு குறிதவறிய அடியும் அதன் மேல் தெரிய, அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் இரும்பு. ஹால்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லிக் கிளம்பினார். கொழுந்தனும் கூடவே நழுவப் பார்த்தான்.

"நீங்க எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் அவள். "உள்பக்கம் இரும்புப் பட்டையைத் தாங்கி நட்டைப் பிடிக்க ஆள் வேணும். என்னால குனிய முடியாது, உங்க அண்ணனால பிடிக்க முடியாது."

"அண்ணி, சட்டை..."

"துவைச்சுத் தர்றேன்."

இரும்பில் இரண்டு ஓட்டையையும் நேராகப் போட்டு முடித்தார்கள். வண்டிக்குள்ளிருந்து கம்பியை இழுத்துத்தான் டிக்கியைத் திறக்க வேண்டும். திறந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு கொழுந்தன் உள்ளே படுத்தான். துளைகளுக்குப் பின்னால் வைக்கத் தடித்த இரும்புப் பட்டை ஒன்றைக் கையில் கொடுத்து, மூடியை அவன் தலைக்கு மேல் இறக்கினார்கள். "இருட்டா இருக்குண்ணே" என்று குரல் வந்தது. "பழகிக்க. உங்க அண்ணியும் பழகிக்கிட்டுத்தான் இருக்கா" என்றார் சுத்தியல். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. அவள் வெளியே ஸ்பேனரை முறுக்க, அவன் உள்ளே நட்டைப் பிடிக்க, சுத்தியல் நடுவில் நின்று இரண்டு பேரையும் திட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் வாஷர் எங்கே, ஸ்பிரிங் வாஷர் எங்கே, லைட்டுக்குப் போகிற ஒயரில் தொங்கல் விடு, இல்லாவிட்டால் திறந்து மூடுகிறபோது அறுந்துபோகும். மதியச் சோறு ஆறிப்போன பிறகு மூன்று பேரும் ஒரே சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கொழுந்தன் தலையெல்லாம் ரோஜா நிறப் பொடி.

பிளேட்டைச் சுற்றி வெறும் தகடு பெரிய திட்டாகத் தெரிந்தது. துருப்பிடிக்காமல் இருக்கச் சாம்பல் நிறப் பிரைமர் மட்டும் அடித்தார். மேலே பச்சை அடித்துவிடலாமே என்று அவள் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்.

வியாழக்கிழமை சோதனை மைதானத்தில் இன்ஸ்பெக்டர் ஒரு இளம் பெண். குனிந்து பிளேட்டைப் பிடித்து ஆட்டினாள். ஆடவில்லை. விளக்கைப் போடச் சொல்லிக் கையால் மறைத்துப் பார்த்தாள். உயரம் அளந்தாள். சாம்பல் திட்டைத் தடவிவிட்டு, "ஏன் இப்படியே விட்டுட்டீங்க? வண்டி எவ்வளவு அழகா இருக்கு" என்றாள்.

"அதுவும் என் வேலைதாம்மா" என்றார் சுத்தியல்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

டிரைவரம்மா மைதானத்தின் கேட்டில் நின்று, தலையை முழுக்கத் திருப்பி வலது பக்கம் பார்த்தாள். இப்போதெல்லாம் அப்படித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. மறுபடியும் பார்த்துவிட்டு ரோட்டில் ஏற்றினாள். மழை கழுவிய ரோடு, நல்ல வெயில். வண்டி கனத்த உடம்போடு சுகமாக உருண்டது. கதவில் யார் பெயரும் இல்லை. அழுதால் இருக்கிற பார்வையும் மறைந்துவிடும் என்று அழுகையை அடக்கிக்கொண்டாள்.

பைக்கில் வந்த இரண்டு பேர் பின்னால் கொஞ்ச தூரம் ஒட்டியே வந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார்கள். "பெரியவரே, பின்னாடி யாரு வந்து இடிச்சது?" என்று கத்தினான் ஒருவன்.

சுத்தியல் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "எவனும் இடிக்கல. நான் தட்டுனது!"

அவர்கள் போய்விட்டார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. விடாமல் அடித்தது. அவள் தன் பாதையில், தன் வேகத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் ஒதுங்கி வழி விடேன்" என்றார் அவர்.

"மாட்டேன். நம்பரைப் படிச்சுக்கிட்டே வரட்டும்."